கடைசிச் சொட்டுவரை

சிவக்கொழுந்து கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றபின் மடத்தில் சேர்ந்தவர். மடத்தின் தலைவரான சுவாமியைவிட வயதில் மூத்தவர். இத்தனை வருடம் தியானத்தில் உட்கார்ந்தும் மூக்குக்கு மேல் வரும் கோபம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அன்று காலை அவர் மடைப்பள்ளிக்குள் வந்தபோது சுவாமியே அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். சமையல் பார்க்கும் தெய்வானை அங்கே இல்லை.

"சுவாமி, ஒரு சந்தேகம். தெய்வானையின் ஒரே மகன் அணையில் மூழ்கிப்போய் ஒரு மாசம்கூட ஆகவில்லை. காரியம் முடிந்த மறுநாளே கரண்டியைப் பிடித்துவிட்டாள். அதே சிரிப்பு, அதே உபசரிப்பு. எனக்கு வராத பற்றின்மை அவளுக்கு எப்படி வந்தது?"

கேள்வியில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"பற்றின்மை என்றால் எப்படி இருக்கும், வாத்தியாரே?"

"பாடத்தில் சொல்லும் நல்லியல்பு வாயு, அதான் ஐடியல் கேஸ், அது மாதிரி. ஒரு மூலக்கூறு இன்னொன்றை இழுக்காது. தன் போக்கில் திரியும்."

"அது எங்கே கிடைக்கும்?"

"கரும்பலகையில்தான். நிஜ வாயு ஒன்றையொன்று கொஞ்சமாவது இழுக்கும். நெருக்கினால் சேர்ந்துகொண்டு திரவமாகிவிடும்."

சுவாமி அடுப்பைக் காட்டினார்.

"இந்த சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது?"

"தீ நன்றாக எரிகிறதே. நிறைய இருக்கும்."

"அப்படியா?"

வாத்தியாருக்கு வெட்கமாகிவிட்டது. முதல் வருட மாணவன் சொல்லும் பதில் அது.

"இல்லை சுவாமி, தீயைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றையொன்று இழுக்காத வாயு என்றால், குறையக் குறைய அழுத்தமும் குறையும், தீயும் சிறுத்துக்கொண்டே வரும். இது உள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரவமாகக் கிடக்கிறது. கடைசிச் சொட்டு இருக்கும்வரை தீ இப்படியேதான் எரியும். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்."

சுவாமி கஞ்சியைக் கிளறுவதை நிறுத்தினார்.

"தெய்வானை எங்கே?"

"அணைக்குப் போயிருக்கிறாள். மகனுக்குப் பூப் போடணும், தனியாகவே போய்க்கிறேன் என்றாள். நான்தான் அனுப்பிவைத்தேன். சிரித்துக்கொண்டுதான் போனாள். மடைப்பள்ளியைத் திறந்துவைத்துவிட்டு, சாவியைக்கூட மறக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டாள்."

அடுப்பு இரண்டு முறை துடித்து அணைந்தது. கஞ்சி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

சிவக்கொழுந்து கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

சுவாமி அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள்?"