பசுவுக்குப் பாவாடை

முன்னொரு காலத்தில், காலையில் ஓர் ஆசை மாலையில் ஓர் ஆசை என்று மனம் மாறுகிற ராஜா ஒருவர் இருந்தார். அவர் சபையில் விகடகவியாக இருந்தவன் செவந்தியப்பன். அம்பாபாய் என்பவள் திரைக்குப் பின்னால் விளக்கேற்றித் தோல்பாவைகளை ஆட்டுவாள். செவந்தியப்பன் அவற்றுக்குக் குரல் கொடுப்பான். ராஜா வயிறு வலிக்கச் சிரிப்பார்.

அமைச்சர் மங்கபதிக்கு அது பொறுக்கவில்லை.

"பிரபு, கூத்தில் ஒரு பசு அதிகாரியை உதைக்கிறது. அதன் உடம்பில் ஒட்டுத் துணிகூட இல்லை. பார்க்கிற குடிகள் கெட்டுப்போக மாட்டார்களா?"

அன்று ராஜாவுக்கு ஒழுக்கத்தின் மேல் ஆசை வந்திருந்தது. "நீரே விதி எழுதும்" என்றார்.

மங்கபதி எழுதினார்: திரையில் தெரியும் எந்த உருவமும் கை ஓங்கக் கூடாது, கத்தக் கூடாது, அதிகாரிகளைக் கேலிக்கு ஆளாக்கக் கூடாது. பசுவுக்கு மடி மறையப் பாவாடை கட்ட வேண்டும். விதி மீறிய உருவத்தை நெருப்பில் போட வேண்டும்.

ராஜா செவந்தியப்பனைப் பார்த்தார். "நாளைக் கூத்து இப்படியே நடக்கட்டும். ஆனால் நான் சிரித்தாக வேண்டும். இல்லையேல் நீங்கள் இருவரும் நாட்டை விட்டுப் போகலாம்."

அம்பாபாய் கண் கலங்கினாள். "பாவைய நெருப்புல போட்டா எனக்குப் பொழப்பு ஏதுங்க?"

"நீ பசுவுக்குப் பாவாடை தைம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

மறுநாள் மாலை கூத்து தொடங்கியது. பாவாடை கட்டிய பசு வந்து கும்பிட்டது. புலி வந்து அதற்கு வழிவிட்டது. சபை கொட்டாவி விட்டது. மங்கபதி மட்டும் மீசையை நீவிக்கொண்டார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து செவந்தியப்பனின் குரல் கேட்டது. "அமைச்சர் பெருமானே, பசுவின் பாவாடை சற்றுக் குட்டையோ என்று சந்தேகம். தாங்கள் வந்து பார்த்துச் சொன்னால் நல்லது."

மங்கபதி விறுவிறுவென்று உள்ளே போனார். போனவர் விளக்குக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டார். "முழங்கால் தெரிகிறதே, மூடனே" என்று கையை ஓங்கிக் கத்தினார். திரையில் பானை வயிறும் காக்கை மூக்குமாக ஒரு பெரிய நிழல் குதித்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவுக்குக் கிரீடமே சரிந்துவிட்டது.

செவந்தியப்பன் வெளியே வந்து வணங்கினான். "பிரபு, திரையில் ஓர் உருவம் கை ஓங்கியது, கத்தியது, ஓர் அதிகாரியைக் கேலிக்கும் ஆளாக்கிவிட்டது. விதிப்படி அதை நெருப்பில் போடத் தங்கள் உத்தரவு வேண்டும்."

மங்கபதி வெளியே ஓடிவந்து ராஜாவின் காலைப் பிடித்தார். "வேண்டாம் பிரபு. அந்த விதியே வேண்டாம்."

ராஜா சிரித்தபடியே விதி எழுதிய ஓலையை முறித்துப் போட்டார். தம் பட்டு உத்தரீயத்தைச் செவந்தியப்பனுக்குப் போர்த்தினார். அம்பாபாய்க்கு அரண்மனைத் தெருவில் ஒரு வீடு கொடுத்தார்.

சபை கலைந்ததும் மங்கபதி விகடகவியை ஓரமாக அழைத்தார்.

"உண்மையைச் சொல். எல்லோரும் அவ்வளவா சிரித்தார்கள்?"

"இந்தச் சபை இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, ஐயா."

மங்கபதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் கூத்து எப்போது ஆரம்பம்?"