பாஷாணம் தின்ற பண்டிதர்

ஒரு காலத்திலே மேலைமலை நாட்டை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் எவனாவது சோற்றில் விஷம் வைத்துவிடுவானோ என்கிற பயம் மட்டும் அவனை விடவே இல்லை.

அரண்மனை வைத்தியர் நாகலிங்கப் பண்டிதர் அந்தப் பயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் சபையிலே வெள்ளிச் சிமிழைத் திறப்பார். வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடுவார்.

“பாஷாணம், மகாராஜா! பன்னிரண்டு வருஷமாகத் தின்கிறேன். இனி எந்த விஷமும் என்னை அண்டாது.”

“அடேயப்பா! நாளை முதல் நானும் தின்கிறேன்!” என்றான் ராஜா.

மந்திரி ஏகாம்பரம் சட்டென்று எழுந்தார். “வேண்டாம் மகாராஜா. எலியைக் கொல்கிற சரக்கு அது.”

“எலிக்கும் பயம், மந்திரிக்கும் பயம்!” என்று பண்டிதர் சிரித்தார். “மருந்துக்கிடங்கிலிருந்து ஒரு கிண்ணம் பாஷாணம் வரட்டும். மந்திரி அதில் தின்னட்டும், நான் என் சிமிழில் தின்கிறேன்.”

“சபாஷ்! தின்றவர் காலுக்குத் தங்க வீரக்கழல். மந்திரி பின்வாங்கினால் அவர் பதவி உமக்கு,” என்றான் ராஜா.

“நாளைக்கே ஆகட்டும்,” என்றார் ஏகாம்பரம். பண்டிதர் சிமிழ் வைக்கிற மணையில் நாலைந்து எறும்புகள் சுற்றுவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிண்ணமும் வந்தது, சிமிழும் வந்தது. “இரண்டையும் திறந்து தரையில் வையுங்கள்,” என்றார் மந்திரி. “இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு பேர் வேண்டாமா, மகாராஜா? பேர் வைத்துவிட்டுத் தின்போம்.”

ராஜாவுக்கு ஒரே குஷி.

“பாஷாண போஜனம்,” என்றார் பண்டிதர்.

“கல்யாண விருந்து மாதிரி இருக்கிறதே!” என்றான் ராஜா.

“நஞ்சூண்,” என்றார் அவைப் புலவர்.

“வாயில் நுழையவில்லையே!”

“சாவுத்தீனி,” என்றார் சேனாபதி. பண்டிதர் அவரை முறைத்தார். இப்படியே இரண்டு நாழிகை ஓடிப்போயிற்று.

“பேர் கிடக்கட்டும் மகாராஜா, கீழே பாருங்கள்,” என்றார் ஏகாம்பரம்.

சிமிழ் முழுக்க எறும்பு மொய்த்துக் கறுத்துக் கிடந்தது. கிண்ணத்தை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

“சிமிழை நான் எடுத்துக்கொள்கிறேன். கிண்ணத்தை நீங்கள் எடுங்கள் பண்டிதரே. பன்னிரண்டு வருஷப் பழக்கமாயிற்றே!”

பண்டிதர் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். “அரிசிமாவும் சர்க்கரையும்தான், மகாராஜா! பொறுத்துக்கொள்ளணும்!”

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. “அடப்பாவி! இன்றைக்கு நான் தின்றிருந்தால்? இனிமேல் தினமும் இதே சபையில் ஒரு படி மாவைத் தின்னு. தண்ணீர் கிடையாது!”

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட மாவுதின்னி என்கிற பேர் பண்டிதர் சாகிறவரைக்கும் போகவில்லை.

ராஜா வீரக்கழலை மந்திரியிடம் நீட்டினான்.

“இது அந்த எறும்புகளுக்குச் சேரவேண்டியது, மகாராஜா. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆறு கால். அத்தனை கழல் செய்யத் தட்டான் ஒப்புக்கொள்ள மாட்டான். ஒரு கைச் சர்க்கரை போடச் சொல்லுங்கள், போதும்,” என்றார் ஏகாம்பரம்.