நாற்பத்தோராவது கட்டம்

தயாளன் மாஸ்டர் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார், வேலை கொடுப்பார். ஒரு காலத்தில் சினிமா பேனர் எழுதியவர். இப்போது கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் ஓவியம் கற்றுக்கொடுக்கிறார்.

அவருடைய மாணவர்களில் மூத்தவர் சௌந்தரவல்லி. வயது அறுபத்தைந்து. மாஸ்டரைவிடப் பதினெட்டு வயது பெரியவர். ஆனாலும் மாஸ்டர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்.

அந்த அறைச் சுவரில் ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதி இருந்தது. அமெரிக்கத் தெரு ஒன்று. வீடுகளில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கின்றன. வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு கறுப்பினச் சிறுமி தனியாக நடந்து போகிறாள்.

"மாஸ்டர், இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?"

"கட்டம் போட்டு எடுங்கம்மா."

பேனர்காரர்களின் வழி அது. சின்னப் படத்தின் மேல் கட்டம் போட்டு, பெரிய தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைய வேண்டும். மூலத்தில் இல்லாதது தாளில் வரக் கூடாது.

ஒன்பது வாரம் ஆயிற்று. பென்சில் வேலை முடிந்து சௌந்தரவல்லி தாளை விரித்தார். மாஸ்டர் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பத்தோராவது கட்டத்தில் விரல் நின்றது.

"இந்த ஜன்னல் மூடியில்ல இருக்கு? நீங்க தொறந்து வச்சிருக்கீங்க. உள்ளேருந்து ஒரு பொண்ணு வேற கையாட்டுது."

"தெரிஞ்சுதான் மாஸ்டர் போட்டேன்."

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சௌந்தரவல்லி சொல்ல ஆரம்பித்தார்.

"நான் மூணாங் கிளாஸ் படிக்கிறப்ப, காலனியிலேருந்து அஞ்சுகம்னு ஒரு பொண்ணு எங்க பள்ளிக்கூடத்துல சேர்ந்தா. காலனியிலேருந்து வந்த மொதப் பிள்ளை அவதான். டீச்சர் என் பக்கத்துல உக்கார வச்சாங்க. என் சிலேட்டுக் குச்சி தொலைஞ்சுபோச்சுன்னு அவளோடதுல பாதி ஒடிச்சுக் குடுத்தா. அந்த ஒரு நாள்தான். மறுநாள்லேருந்து எங்க தெருப் பிள்ளைங்க யாரையும் அனுப்பல. அவ மட்டும் எங்க வீட்டைத் தாண்டித் தனியாப் போவா. நான் ஜன்னல் இடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டு நிப்பேன். அப்புறம் அப்பா என்னை டவுன் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டார்."

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"இதே ஊர்லதான், ரிட்டயர்டு டீச்சர். போன நவம்பர்ல பேங்க்ல பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் குடுக்க வரிசையில நின்னோம். எனக்கு மூணு பேர் முன்னாடி நின்னா. பேரைக் கூப்பிட்டாங்க, திரும்பினா, அதே முகம். நான் சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

ஐம்பத்தேழு வருஷமாகப் பள்ளிப் பலகையில் அஞ்சுகத்தின் பக்கத்து இடத்துக்காக ஏங்கியிருக்கிறார் சௌந்தரவல்லி. கட்டிய கணவரிடம்கூட இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"இந்தப் படத்தை அவகிட்ட குடுக்கணும் மாஸ்டர். இப்படி ஒரு ஜன்னலாவது தொறந்திருந்தா அவளுக்கு ஆறுதலா இருந்திருக்கும்ல?"

மாஸ்டர் ரப்பரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்தத் தெருவுல நடந்தது அவங்க. எந்த ஜன்னல் தொறந்திருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

சௌந்தரவல்லிக்கு அழிக்க மனம் வரவில்லை. ஆனாலும் ரப்பரை எடுத்தார். ஜன்னலில் ஆடிய கையை அழித்தார். முகத்தை அழித்தார். நடுவில் இரண்டு முறை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் இரண்டு கதவுகளையும் வரைந்து ஜன்னலை மூடினார்.

"இப்ப நான் இதுல இல்லியே மாஸ்டர். நான் உள்ள நின்னது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சொல்லணும்."

"சொன்னா மறுபடி அவ பக்கத்துல உக்காரலாமா?"

மாஸ்டர் தாளைச் சுருட்டி, நூல் கட்டி, அவர் கையில் கொடுத்தார்.

"வாசல்ல நின்னு சொல்லுங்க. உக்காரச் சொல்ல வேண்டியது அவங்க."