குடைப் பட்டறையை நடத்துவது யார்?

செண்பகபுரி ராஜா குணசீலருக்கு வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது. அதனால் அவர் ஊரில் குடைப் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. அப்படி ஒரு சின்னப் பட்டறைக்காரி அங்கம்மாள். அன்று அவள் சபை நடுவே குற்றவாளியாக நின்றாள்.

குற்றம் என்ன? ஆட்களுக்குக் கூலி கொடுக்கும்போதே பத்துக்கு ஒரு காசு வரியாகப் பிடித்து அரண்மனையில் கட்ட வேண்டும். பிடித்தாயிற்று. ஆனால் ஆறு மாதமாகக் கட்டவில்லை. அப்படிக் கட்டாமல் போனால், பட்டறையை நடத்துகிறவரின் சொந்த வீட்டை ஏலம் போடுவது அந்த ஊர்ச் சட்டம்.

"பிடித்த பணம் எங்கேம்மா?" என்றார் ராஜா.

"பெட்டிச் சாவி வரிமந்திரிகிட்ட இருக்குங்க, மகாராஜா. பட்டறைக்குக் கடன் கொடுத்த நாள்லேர்ந்து அவர் சொன்னாத்தான் காசு வெளியே வரும். வரிப்பணத்தை எடுத்துத்தான் மகள் கல்யாணத்துக்கு வாணவேடிக்கை விட்டாருங்க!"

வரிமந்திரி தாண்டவராயர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவசிவா! அந்தப் பட்டறை கிழக்கே இருக்கா, மேற்கே இருக்கான்னே எனக்குத் தெரியாது."

அங்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். சாட்சி சொல்ல ஒருவருமில்லை. இருக்கிற ஒற்றை அறை வீடும் போய்விட்டால் எங்கே போய் நிற்பாள்?

ராஜா தன் ஆலோசகர் பூவராகனைப் பார்த்தார். அவர் கொட்டாவி விட்டபடி எழுந்தார்.

"வரி கிடக்கட்டும், மகாராஜா. போன திருவிழாவில் தாங்கள் பிடித்த குடை இவள் பட்டறையில் செய்ததுதானே? கொட்டின மழையில் தங்கள் மீசை நனைந்ததா?"

"ஒரு சொட்டுகூட இல்லை!"

"அப்பேர்ப்பட்ட பட்டறையை நடத்துகிறவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட வேண்டாமா?"

"விடத்தான் வேண்டும்!" ராஜா துள்ளினார்.

'வீடு போகிற நேரத்தில் யானை ஒரு கேடா?' என்று அங்கம்மாள் பல்லைக் கடித்தாள்.

தாண்டவராயருக்கோ உடம்பெல்லாம் அரித்தது. யானை ஊர்வலத்துக்காக இருபது வருஷமாக ஏங்குகிறவர் அவர். ஒரு குடைக்காரி ஏறுவதா?

"பாவம், மந்திரிக்குத்தான் இதில் சம்பந்தமே இல்லையே," என்று உச்சுக்கொட்டினார் பூவராகன். "அங்கம்மா, நீ ஏறு தாயே."

"நிறுத்துங்கய்யா!" மந்திரி பாய்ந்து வந்தார். "இவ பேருக்குத்தான் முதலாளி. என்ன மூங்கில், என்ன பட்டு, யாருக்கு எப்போ பணம், எல்லாம் நான் சொன்னபடிதான். என்னைக் கேட்காம ஒரு ஆணிகூட வாங்க முடியாது. இதோ பாருங்க பெட்டிச் சாவி!"

இடுப்பிலிருந்து உருவிய சாவியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். ஆட்டின கை அப்படியே நின்றது. அப்போதுதான் மந்திரிக்கு உறைத்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கம்மாளும் அழுதுகொண்டே சிரித்தாள். சாவி அவள் கைக்கு வந்தது. அரண்மனைக் குடை வேலை முழுவதும் இனி அவளுக்கே என்று உத்தரவும் வந்தது. ஏலக்காரர்கள் மந்திரி வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"அப்போ... என் ஊர்வலம்?" என்று முனகினார் தாண்டவராயர்.

"அதெப்படி இல்லாமல் போகும்?" என்றார் பூவராகன். "மகாராஜா, யானையை ஊரை நன்றாகச் சுற்றச் சொல்லுங்கள். இறங்கிப்போக அவருக்கு வீடு இல்லையே!"