வசனம் எடுத்துக்கொடுப்பவர்

வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் பங்களா. அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு நாற்பத்தொன்பது.

குருவின் பெயர் டெல்ஃபின், தூத்துக்குடிக்காரி. ஒன்பது வருஷமாக சீரியல்களில் பிராம்ப்டிங் செய்கிறாள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைத் துண்டு துண்டாகப் படிப்பாள். நடிகர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். பிறகு டப்பிங்கில் அவள் குரலை எடுத்துவிடுவார்கள்.

சீடர் அமிர்தகடேசன். இருபது வருஷம் நாடகக் குழுவில் ராஜாவாக நின்றவர். குழு கலைந்ததும் பிராம்ப்டிங் கற்றுக்கொள்ள வந்தார். மனுஷர் தங்கம். ஆனால் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டால் போதும், அது மருந்துச் சீட்டாக இருந்தாலும் உருகிவிடுவார்.

அன்று கதாநாயகி நிஷ்மிதாவின் காட்சி. மங்களூர்ப் பெண், தமிழ் அரைகுறை. ஆஸ்பத்திரியில் அப்பா இறந்த செய்தி கேட்டு அவள் அழவேண்டும். முதல் நாள் எடுத்தது சரியாக வரவில்லை. இன்று மாலைக்குள் வராவிட்டால் வேறு பெண்ணைப் போடச் சொல்லி சேனலிலிருந்து போன் வந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

அன்று பிராம்ப்டிங் அமிர்தகடேசனுடையது. தினமும் காலையில் "வணக்கம் சார், சாப்டியா?" என்று கைகூப்பிக் கேட்கிற பெண். அவரை அப்படி விசாரிக்க அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. எப்படியாவது அவளைக் கரையேற்றிவிட வேண்டும் என்று தன் சோகத்தையெல்லாம் கொட்டிப் படித்தார்.

"அப்பா... என்னை விட்டுப் போயிட்டீங்களே..."

அவருக்குத் தொண்டை அடைத்தது, கீழுதடு துடித்தது. அவளுக்கும் தொண்டை அடைத்தது, கீழுதடு துடித்தது.

"கட்" என்றார் டைரக்டர். "என்னம்மா இது, சண்டையில தோத்த ராஜா மாதிரி அழறே."

நிஷ்மிதா தலையைக் குனிந்துகொண்டாள். டீ பிரேக் விட்டார்கள்.

டெல்ஃபின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, இவ்வளவு உருகாதீங்க. சும்மா படிங்க."

"தமிழ் தெரியாத பிள்ளை மேடம். நாம உணர்ச்சியோட சொன்னாத்தானே அதுக்குப் புரியும்?"

"அர்த்தத்தை நேத்தே சொல்லிக் கொடுத்துட்டோமே."

"அர்த்தம் போதுமா? நான் கல்லு மாதிரி படிச்சா அதுக்கு எப்படி அழுகை வரும்?"

டெல்ஃபின் எழுந்து டைரக்டரிடம் போனாள். அந்தச் செய்தியைச் சொல்லும் டாக்டராக நடிக்க வேண்டியவர் இன்னும் வந்து சேர்ந்தபாடில்லை. "நம்ம அண்ணனையே நிறுத்தலாமே சார். நான் பிராம்ப்ட் பண்றேன்" என்றாள்.

அமிர்தகடேசனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, "ரெண்டே வரிதானே, எனக்கு மனப்பாடம் மேடம். பிராம்ப்டிங் வேண்டாம்" என்றார்.

"இங்க எல்லாருக்கும் உண்டு அண்ணே."

கேமரா ஓடியது. டெல்ஃபின் துப்பட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, விம்மி விம்மிப் படித்தாள். "எங்களால முடிஞ்சதையெல்லாம் பண்ணிட்டோம்... அப்பாவைக் காப்பாத்த முடியலம்மா..."

அமிர்தகடேசனும் மூக்கை உறிஞ்சினார். குரல் கீச்சென்று மேலே போனது. போதாக்குறைக்குத் தூத்துக்குடி இழுப்பும் ஒட்டிக்கொண்டது. லைட்மேன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"டாக்டர் சார், செத்தது உங்க அப்பா இல்ல" என்றார் டைரக்டர்.

அமிர்தகடேசன் திருதிருவென்று விழித்தார். இருபது வருஷ அனுபவம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டாவது டேக். இந்த முறை டெல்ஃபின் பஸ் ஸ்டாப் பெயர்களைச் சொல்வதுபோலப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அவர் ஒரு நொடி தடுமாறினார். பிறகு அவர் குரல் தானாகத் தணிந்தது, பார்வை தரைக்குப் போனது. யாருக்கோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி அந்த இரண்டு வரியையும் சொன்னார். எதிரே நின்ற நிஷ்மிதா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓகே" என்றார் டைரக்டர். "அடுத்து பொண்ணோட குளோசப்."

டெல்ஃபின் காகிதத்தை அமிர்தகடேசனிடம் நீட்டினாள். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நிஷ்மிதா பயந்துபோய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உருகாமல் இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளங்கையை நகத்தால் கிள்ளிக்கொண்டு படித்தார்.

"அப்பா. என்னை விட்டுப் போயிட்டீங்களே."

நிஷ்மிதா காத்திருந்தாள். அவரிடமிருந்து வேறு எதுவும் வரவில்லை. காகிதத்தில் ஒரு 'அப்பா'தான் இருந்தது. அவள் இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை, தூங்குகிறவரை எழுப்புவதுபோல லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். சொன்ன பிறகு மேனேஜரைப் பார்த்து, "சேனலுக்குப் போன் போடுய்யா. இந்தப் பொண்ணுதான், வேற யாரும் வேண்டாம்" என்றார்.

நிஷ்மிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அமிர்தகடேசனிடம் வந்தாள். "சார், உனக்கு உடம்பு சரியில்லையா? இன்னைக்கு வாய்ஸ் ரொம்ப டல்."

"இப்ப சரியாயிடுச்சும்மா" என்றார் அவர். அவளை வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தலையில் கை வைத்து அனுப்பிவைத்தார்.

டெல்ஃபின் அடுத்த காட்சிக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளெதிரே போய் நின்றார்.

"மேடம், நான் ஒண்ணுமே கொடுக்கலை. வெறுமனே படிச்சேன். அந்தப் பிள்ளைக்கு எங்கேருந்து அப்படி ஒரு அழுகை வந்துச்சு?"

"டாக்டரா நின்னப்போ உங்களுக்கு யாரு ஞாபகம் வந்தாங்க?"

அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "எங்கம்மா. மாயவரம் ஆஸ்பத்திரியில அவங்க போயிட்டாங்கன்னு சொன்ன டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்ல மேடம். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்."

டெல்ஃபின் காகிதங்களைக் கீழே வைத்தாள்.

"அந்த ரெண்டு வரியைப் படிச்ச எனக்கு உங்க அம்மாவைத் தெரியாதே அண்ணே."