மேஸ்திரி தட்டிய டைல்ஸ்

சித்தாள் பூவாத்தாள் முதல்முறையாகச் சமையலறைக்கு டைல்ஸ் பதித்தாள். வீட்டுக்கார அம்மா தடவிப் பார்த்து, “ஹாலைவிட இதுதான் லட்சணம்” என்றார். ஹாலில் பதித்தவர் மேஸ்திரி நஞ்சப்பன். அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

“இவ பதிச்சதெல்லாம் பொக்கு, அடியில கலவையே இல்லை. மொத்தத்தையும் பெயர்த்துட்டு இவளை அனுப்புங்கம்மா!”

பூவாத்தாள் முன்னால் வந்தாள். “சரிங்ணா. ஆனா பொறாமையில சொன்னீங்கன்னு ஒருத்தரும் பேசிடக்கூடாது. கண்ணைக் கட்டிக்கிட்டுத் தட்டி, சத்தத்தை வச்சே சொல்லுங்க. பொக்குன்னு நீங்க சொல்ற கல்லை நானே பெயர்க்கிறேன்.”

மேஸ்திரி துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். பூவாத்தாள் மட்டக்கோலின் முனையை அவர் கையில் கொடுத்து, வீடெல்லாம் சுற்றி அழைத்துப்போய் ஓரிடத்தில் உட்காரவைத்தாள். அவர் கொத்துக்கரண்டியின் பிடியால் தட்டினார்.

“பொக்கு! இதுவும் பொக்கு! திருட்டு வேலை!”

துண்டை அவிழ்த்தார். ஹாலின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தார்.

உளியும் சுத்தியலுமாக நின்ற பூவாத்தாள் கேட்டாள்: “எந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கட்டுங்ணா?”