கோமளத்தின் சுற்று

"நான் செஞ்சது தப்பாம்மா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

குருவம்மாள் ஆற்றிலிருந்து சாமிக்கு நீர் எடுத்துக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தாள். தையலைவிட நாலைந்து வயது இளையவள்தான்; ஆனாலும் ஊரில் எல்லாரும் அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். இடது கால் சற்றுக் குட்டை. ஒரு படி ஏறுவாள், நிற்பாள், அப்புறம் அடுத்த படி.

"தப்புன்னு யார் சொன்னா, தையலக்கா?"

"கோமளம்தான். ஒன்பது நாளா என் முகத்தைக்கூடப் பார்க்கலை."

கோமளத்தின் மகன் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவன். பிழைத்தால் கோயிலை ஆயிரத்தெட்டு முறை சுற்றுவதாக அவள் வேண்டியிருந்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நாளுக்கு இருபது சுற்றுவதே பெரும்பாடு.

"பார்க்கப் பொறுக்கலைம்மா. அவளுக்குத் தெரியாம தினம் விடியற்காலையில வந்து முந்நூறு சுற்றை நானே முடிச்சேன். சொன்னா சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். சொன்னதும் கோவிச்சுக்கிட்டு மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சிட்டா. எங்களுக்குள்ள முப்பது வருஷப் பழக்கம்மா."

பேசிக்கொண்டே குருவம்மாளின் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினாள். விறுவிறுவென்று மேலே போய்ச் சன்னதியில் இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

குருவம்மாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் படியோரம் இருந்த வேறொரு குடம்.

"எங்கேம்மா?"

"ஆத்துக்கு."

"தண்ணிதான் மேலே வந்தாச்சே."

"தண்ணி வந்துட்டுது. நான் வரலையே."

தையல் அங்கேயே நின்றாள்.

குருவம்மாள் மறுபடி மொண்டு ஏறினாள். தையல் ஒரு படி பின்னால் வந்தாள். கை பரபரத்தது. முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டிக்கொண்டாள். குருவம்மாள் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள்.

மேலே பிராகாரத்தில் கோமளம் சுற்றிக்கொண்டிருந்தாள். தையல் தூணோரமாய் உட்கார்ந்தாள்.

முதல் சுற்றில் கோமளம் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவதில் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மூன்றாவதில் கால் இடறிற்று. தையல் தரையில் கையூன்றினாள். எழுந்திருக்கவில்லை. கோமளம் சுவரைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டாள்.

நாலாவது சுற்றில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி."

நொச்சி ஒத்தடம், வேப்பெண்ணெய், மேலத்தெரு வைத்தியர். எல்லாம் தையலின் நாக்கு நுனிவரை வந்தன.

"ரொம்ப வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"வலிக்குது."

கோமளம் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு கோமளம் தூணைப் பிடித்து எழுந்தாள்.

"போயிடாதே," என்றாள். "சுத்திட்டு வரேன்."